ஓவியப் பாடவேளை எங்கே போயிற்று?

கள்ளக்குறிச்சியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை நிறைவேறி நாம் பள்ளிவாசற் படியிறங்கும்போது, நன்கு அறிமுகமான அன்பர் ஒருவர் ஓர் ஏட்டைக் கையிற் பிடித்தவாறு நம்மை எதிர்கொண்டார். பத்தாம் வகுப்புப் பயிலும் அவருடைய மகளின் அறிவியல் ஏடு அது. மகளைக் கண்டித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அவர் வேண்டுகோள்.

"ஹஜ்ரத், படிக்கிற நேரமெல்லாம் படம் போடுது. போனைக் கொடுத்தா அதுலயும் விரலால படம். நீங்க சொன்னாக் கேட்கும்" என்றார்.

அவர் இல்லம் சென்று ஏட்டைப் புரட்டினோம். விழியின் குறுக்குவெட்டு வரையப்பட்டிருந்தது. அதனைச் சூழ ஒரு கொடி. கொடியின் வலப்புற இலைகள் இடப்புற இலைகளுக்குக் கண்ணாடி பிடித்தாற்போல் ஒத்திருந்தன. இரு புறமும் பிசகாமல் எப்படி வந்தது என்று வினவினோம். நடுக்கோட்டிலிருந்து கட்டங்களை எண்ணிப் புள்ளி வைத்துக்கொண்டதாகப் பிள்ளை சொன்னாள். பிறகு, யாரும் கேளாமலே, தந்தையின் கைபேசியை எடுத்து வெள்ளைத் திரையின்மேல் நுனிவிரலால் ஒரு துளி நீர் வைத்தாள். "பாருங்க ஹஜ்ரத், வெள்ளைன்னு ஒண்ணு இதுல இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூணு புள்ளிதான்." குனிந்து பார்த்தோம், உள்ளபடியே மூன்று நிறப் புள்ளிகள். நீர்த்துளி உருப்பெருக்கியாக நின்று காட்டிற்று. அன்பரோ, கைபேசி நனைந்துவிடுமே என்று பதறினார்.

கண்டிக்கத் தக்கவர் யார் என்பதில் நமக்கும் அவருக்கும் அன்று கருத்து வேறுபாடு தோன்றிற்று. அவ்வேறுபாட்டையே இங்கு எழுதுகின்றோம். ஊரைச் சொல்லிப் பேரைச் சொல்லாது எழுத அவர் இசைவு தந்தார்.

நாம் கூறுவது இதுதான். உயர்நிலைப் பள்ளியில் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் ஓர் அறையிலும், வரைகலையை இன்னோர் அறையிலும், பெரும்பாலும் எந்த அறையிலும் இல்லாமலும், பிரித்துவைப்பது பிழை. கணினியில் வரைதல், வடிவமைத்தல், அசையும் படம் செய்தல் ஆகிய கலைகள் பௌதிகத்தோடும் கணிதத்தோடும் ஒரே பாடவேளையில், ஒரே பிள்ளைக்குக் கற்பிக்கப்பட வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் நம் பிள்ளைகள் பொறிகளை இயக்கக் கற்பார்கள். அப்பொறிக்கு எதைச் செய்யச் சொல்வது என்பதை மட்டும் என்றென்றும் பிறரிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்படிச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்று கேட்போர்க்கு முதற்கண் நம் குற்றத்தையே சொல்லிவிடுகின்றோம். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நாம் இளம் ஆசிரியராயிருந்த நாளில், ஓதும் நேரத்தில் ஒரு சிறுவன் மிம்பரின் மரவேலைப்பாட்டைத் தாளில் வரைந்துகொண்டிருந்தான். நாம் அத்தாளைக் கிழித்தோம். கவனம் சிதறுகிறதென்று கிழித்தோமா, படம் என்பதனாற் கிழித்தோமா என்று இன்று கேட்டால் விடை தெளிவாக இல்லை. அண்மையில் ஒரு மரவேலைக் கூடத்தில் அவரைக் கண்டோம். கணினி இயக்கும் செதுக்குப் பொறியின் முன் நின்றிருந்தார். அவர் செய்யும் நிலைக்கதவின் வேலைப்பாடு அழகாயிருக்கிறதே என்றோம். "படம் வெளியிலேர்ந்து விலைக்கு வருது ஹஜ்ரத். நான் பொத்தானை அமுக்குறேன், தூசி கூட்டுறேன்" என்று சிரித்தார். கிழிந்த தாளைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நமக்குத்தான் நினைவிருந்தது.

இந்த வட்டாரத்து நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. 2021-இல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வூர் உளி இன்னது என்று உலகம் ஒப்புக்கொண்டதாக மகிழ்ந்தோம். மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே சி.என்.சி. என்னும் பொறி தமிழகத்து மரக்கூடங்களில் எங்கும் பரவிவிட்டது. அதற்குக் கொட்டாப்புளி வேண்டா. சுழலும் அலகு ஒன்றும், ஒரு படமும் போதும். அப்படம் கணினியிற் கோடுகளாக, ஒவ்வொரு கோட்டிற்கும் ஆழம் குறிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். அதை வரைந்தவன் எங்கோ இருக்கின்றான். பத்து ஊர்க் கதவுகளில் ஒரே மயில் நிற்பதற்குக் காரணம் இதுவே.

பொறியைப் பழிப்பது நம் நோக்கமன்று. அச்சு இயந்திரம் வந்தபோது கையெழுத்துப் பிரதி செய்தோர் பழித்தார்கள். அப்பழியால் யாருக்கும் சோறு கிடைக்கவில்லை. ஆனால் அப்பொறியின் எல்லையை அறிந்தவன் யார்? அலகு உருளையாதலின் உள்மூலையைக் கூராக வெட்ட அதற்கு இயலாது. அலகின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு வளைவு மூலையில் நின்றே தீரும். மேலிருந்து கீழிறங்கும் மூவச்சுப் பொறியால் இதழின் அடிப்புறத்தைக் குடையவும் இயலாது. விரைவாகச் சுழன்று மெதுவாக நகர்ந்தால் மரம் கருகும். எங்கே பொறி நிற்க வேண்டும், எங்கே உளி தொடங்க வேண்டும் என்று முடிவு செய்பவன் ஆரமும் அறிந்திருக்க வேண்டும், உராய்வு வெப்பமும் அறிந்திருக்க வேண்டும், மரத்தின் ரேகையோட்டமும் அறிந்திருக்க வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக வரையத் தெரிந்திருக்க வேண்டும். இது முழுவதும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடம்தான். தனித்தனியே கிடக்கிறது, சேர்ப்பார் இல்லை. சிற்பியின் மகன் பள்ளியில் வட்டத்தின் தொடுகோட்டை மதிப்பெண்ணுக்காக வரைகிறான்; மாலையில் தந்தையின் பட்டறையில் அதே தொடுகோட்டைப் பெயரறியாமல் வரைகிறான். இரண்டும் ஒன்றென்று அவனுக்குச் சொல்வதற்குப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இல்லை.

கலை வேறு, விஞ்ஞானம் வேறு என்பது நம் முன்னோர் அறியாத பாகுபாடு. பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஏழு பகுதிகள் கொண்ட ஒளிநூலை இயற்றினார். இருண்ட அறையின் துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றின் ஒளியும் ஒன்றோடொன்று கலவாது சுவரில் தனித்தனியே விழுவதை அவர் சோதித்துக் காட்டினார். அந்நூல் இலத்தீனுக்குச் சென்றது. பின்னர் இத்தாலிய மொழிக்கும் சென்றது. அதனைக் கையிலெடுத்துப் பயின்றவருள் ஒருவர் யார் தெரியுமா? லொரன்சோ கிபர்த்தி என்னும் பிளாரன்சு நகரத்துச் சிற்பி. அந்நகரின் ஞானஸ்நான மண்டபத்திற்கு வெண்கலக் கதவுகளைச் சமைத்தவர். ஓவியமும் சிற்பமும் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகளில் இப்னுல் ஹைதமிடமிருந்து எடுத்துக்கொண்ட பகுதிகள் நெடிய அளவில் உள்ளன. கதவு செய்தவர் ஒளிநூல் படித்தார் என்க. கதவு செய்யும் ஊராகிய கள்ளக்குறிச்சியில் அந்த ஒளிநூலாசிரியரின் பெயரைத் தம் பிள்ளைக்கு வைக்கும் சமுதாயம், பிள்ளை ஒளியையும் வடிவையும் சேர்த்துக் கற்பதைக் கண்டு பதறுகிறது!

அரபி எழுத்தையே எடுத்துக்கொள்வோம். நாம் மாணவர்க்கு நாணல் எழுதுகோலைக் கொடுத்துக் கற்பிக்கும் முதற்பாடம் புள்ளி. எழுதுகோலின் நுனி அகலம் எவ்வளவோ அதுவே புள்ளியின் அளவு. நஸ்க் எழுத்தின் அலிஃப் ஐந்து புள்ளி உயரம், துலுத் எழுத்தின் அலிஃப் ஏழு புள்ளி உயரம் என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். எழுத்தைப் புள்ளியாலும் வட்டத்தாலும் அளக்கும் இம்முறையை வகுத்த பெருமை, பக்தாதில் அமைச்சராயிருந்து 940-இல் மறைந்த இப்னு முக்லாவைச் சாரும். இன்றைய கணினித் திரையும் புள்ளிகளால் அளக்கப்பட்ட களம்தான். திரையில் நாம் படிக்கும் எழுத்துகளின் வளைவுகளோ, மோட்டார் வண்டியின் உடலை வளைப்பதற்காகப் பிரான்சு நாட்டுப் பொறியாளர்கள் கண்ட கணக்கிலிருந்து வந்தவை. சித்ரோவன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேயும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனைச் செய்தனர். வண்டிக்காக வந்த வளைவு குர்ஆன் எழுத்துக்கும் குறள் எழுத்துக்கும் உதவுகிறது. அரபுத் தமிழ் நூல்களில் நம் முன்னோர் தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டிப் படைத்த எழுத்துகள் இருக்கின்றனவே, அவற்றைக் கணினியில் ஒழுங்காக அமைக்க வேண்டுமாயின் அரபியும் தமிழும் அவ்வளைவுக் கணக்கும் வரையும் கையும் ஒருங்கே உடைய ஒருவர் வேண்டும். நான்கையும் நான்கு கட்டடங்களில் கற்பித்தால் அவர் எங்கிருந்து வருவார்?

இவையெல்லாம் பாக்தாதுக் கதை, பிரான்சுக் கதை என்று ஒதுக்குவார்க்குத் தாம்பரத்தைக் காட்டுகின்றோம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, வாசலிற் போடும் கோலத்தைக் கணினிக்குரிய இலக்கணமாக வகுத்து 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சொற்களுக்கு இலக்கணம் இருப்பது போலப் படத்திற்கும் இலக்கணம் உண்டு, சில விதிகளைச் சொன்னால் கணினி ஒரு கோலக் குடும்பத்தையே வரையும் என்று காட்டினர். தமிழ்நாட்டுப் பெண்டிரின் விரல்நுனிக் கலை உலகக் கணினியியலார் படிக்கும் பொருளாயிற்று. இது நிகழ்ந்து ஐம்பது ஆண்டுகள் கடந்தன. எத்தனை உயர்நிலைப் பள்ளிகளில் இச்செய்தி ஒரு வரியாகவாவது சொல்லப்பட்டிருக்கும்?

மார்க்கத்தின் பெயரால் எழுப்பப்படும் தடையையும் தொடாமற் செல்லுதல் நேர்மையாகாது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி அறிஞரிடையே கடுமையான கருத்துகள் உண்டு. அவற்றை நாம் மறைக்கவில்லை. உருவம் வரைந்தே பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. ஒளிப்படம் வேறு, வரைதல் வேறு என்று பிரித்து எகிப்தின் முஃப்தி முஹம்மது பகீத் தனி நூலே எழுதினார். ஜஸரீ 1206-இல் முடித்த பொறிநூலில் யானையும் பாகனும் வண்ணத்திற் காணப்படுகின்றன. வழக்கம் சான்றாகாது என்று சிலர் வாதிடலாம், ஏற்கின்றோம். ஆனால் மிகக் கண்டிப்பான கருத்தையே ஒருவர் கைக்கொண்டாலும், இலையும் கொடியும் கட்டடமும் எந்திரமும் எழுத்தும் வடிவியற் பின்னலும் அவருக்குத் திறந்தே கிடக்கின்றன. அதுவே ஒரு வாழ்நாளுக்குப் போதுமே! வீட்டில் நாளெல்லாம் பிறர் செய்த படம் ஓடலாம், பிள்ளை தானாக ஒரு கொடி வரையலாகாது என்பது எந்த மத்ஹபின் சட்டம்? அது மார்க்கமன்று, மதிப்பெண் பற்றிய அச்சம். அச்சத்திற்கு மார்க்கத்தின் போர்வையைப் போர்த்துகின்றோம்.

இனி அரசின் பக்கம். தமிழகத்து 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்னும் பெயரால் கணினிகள் வந்தன. உயர்நிலைப் பள்ளிக்கு 10, மேல்நிலைப் பள்ளிக்கு 20 என்பது கணக்கு. நல்ல காரியம், நன்றி. நாம் கண்ட பள்ளிகளில் அவற்றின் முதன்மைப் பணி தேர்வு நடத்துவதும் விவரம் ஏற்றுவதும். 2022 முதல் கலைத் திருவிழா நடந்து வருகிறது. பரிசும் உண்டு, கைதட்டலும் உண்டு. திருவிழா வேறு, பாடம் வேறு. ஆண்டுக்கொருமுறை தேர் இழுப்பதால் நாள்தோறும் வண்டி ஓடிவிடாது. 2025-இல் 'டி.என். ஸ்பார்க்' என்று ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ், இணையக் கருவிகள் என மூன்று அதன் பெயரிலேயே உள்ளன. வரைகலை அப்பெயரில் இல்லை.

இவற்றைவிட நம் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. 2012-இல் அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரைநாள். யார் அவர்கள்? ஓவிய ஆசிரியர், கணினி ஆசிரியர், இசை, தையல், உடற்கல்வி ஆசிரியர். பின்னர்த் தொகை உயர்த்தப்பட்டது. எனினும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் நின்ற ஆண்டுகள் பல. இதில் ஒரு வேடிக்கையைக் காண்க. ஓவியத்தையும் கணினியையும் ஒரே பலகையில் அமர்த்தும் அறிவு அரசுக்கு இருந்திருக்கிறது; ஆனால் அப்பலகை வகுப்பறைக்கு வெளியே, தாழ்வாரத்திற் போடப்பட்டது! அவ்விருவரையும் அறிவியல் ஆசிரியரோடு ஓர் அறையில் வாரம் இரண்டு பாடவேளை முழுநேரமாக அமர்த்தியிருந்தால், நாம் கேட்கும் கல்வி 2012-லேயே தொடங்கியிருக்கும்.

மலையைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தாரர் கையில் இருந்தது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கள்ளக்குறிச்சியில் கொன்றபோது நாடெங்கும் அம்மலையின் பெயர் அடிபட்டது. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து மலைமக்களின் அடிப்படை வசதிகள் பற்றி விசாரிக்கத் தொடங்கிற்று. சாராயச் செய்தியில் மட்டும் தம் மலையின் பெயரைக் காணும் பிள்ளைகள் அங்கே உண்டு உறைவிடப் பள்ளிகளில் அமர்ந்திருக்கின்றனர். சாலையும் மருத்துவமும் இல்லாத இடத்தில் கணினிக் கலை ஓர் ஆடம்பரம் அன்றோ என்று கேட்பீர்கள். சாலை கேட்பதை யாரும் நிறுத்த வேண்டா. ஆயினும் சாலை வரும்வரை அறிவு காத்திருக்க வேண்டும் என்று நகரத்துப் பிள்ளைக்கு நாம் சொல்வதில்லையே!

ஆடம்பரமும் இல்லை. இங்க்ஸ்கேப், ப்ளெண்டர், ஜியோஜீப்ரா ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பவை. ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டால் இணையத் தொடர்பு இல்லாமலே இயங்குபவை. வெள்ளிமலைப் பகுதியின் நிலவரைபடத்தில் சம உயரக் கோடுகள் இருக்கின்றன. புவியியல் பாடத்தில் அவற்றைப் பார்த்தறியும் மாணவர், ஒவ்வொரு கோட்டையும் கணினியில் வரைந்து தனித்தனி அடுக்காகப் பிரிக்கலாம். கிடை அளவுக்கும் உயர அளவுக்கும் விகிதம் கணக்கிடலாம். அடுக்கு ஒவ்வொன்றையும் கீழே கள்ளக்குறிச்சிப் பட்டறையில் பலகையாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டி, ஓடைகளை உளியால் இழைக்கலாம். மழை எங்கு விழுந்து எவ்வழியாகக் கோமுகி அணைக்கு வருகிறதென்று அம்மரமலையில் நீர் ஊற்றிப் பார்க்கலாம். மலைப்பிள்ளை அறிந்த மலையும், சிற்பியின் மகன் அறிந்த மரமும், ஆசிரியர் அறிந்த கணக்கும் ஒரு மேசையில் கூடும். ஒரு பருவத்திற்குள் முடியும் வேலை.

செயற்கை நுண்ணறிவே கேட்டவுடன் படம் போட்டுத் தருகிறதே, இனி வரையக் கற்பது ஏன் என்று ஒரு பட்டதாரி இளைஞர் நம்மை மடக்கினார். அவர் கைபேசியிலேயே பிஸ்மி எழுதிய ஒரு மரக்கதவைக் கேட்டு வாங்கிக் காட்டினார். பளபளவென்று வந்தது. மீமுக்குப் பல் இல்லை. சீனுக்குப் பல் ஐந்து! எண்ணிக் காட்டியபின்தான் அவர் கண்டார். நாளையே அப்பொறி திருந்திவிடலாம். எழுத்தறியாதவனுக்கு அது திருந்தியதும் தெரியாது, திருந்தாததும் தெரியாது. (மீமுக்கு எப்போது பல் இருந்தது என்று நகைக்கும் ஆலிம்கள் பொறுத்தருள்க, அது நம் பழைய உஸ்தாத் மாணவரை மடக்கச் சொல்லும் வேடிக்கை. இளைஞர் அதற்கும் தலையாட்டினார்.)

ஆகவே பெற்றோரே, நம் கோரிக்கை சிறியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையர்; நம்மவர் பலர் அதன் கூட்டத்திற்குச் செல்வதே இல்லை. அடுத்த கூட்டத்திற்குச் செல்லுங்கள். தாய்மாரும் செல்லுங்கள். கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஓவியப் பாடவேளை எந்தக் கிழமை, கணினி அறை எந்தக் கிழமை, அவ்விரண்டும் அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து நடக்க எந்தக் கிழமை ஒதுக்கலாம் என்று கேளுங்கள். அவ்வேளை கணக்குத் தேர்வுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று விடை வருமாயின், அவ்விடையை எழுத்தில் தருமாறு கேளுங்கள்.

ஏட்டோடு வந்த அன்பரிடமும் இதையே சொன்னோம். அடுத்த கூட்டம் எப்போது என்று மகளிடம் கேட்டார். அவளுக்குத் தேதி தெரிந்திருந்தது.